பென்சில்வேனியா ஓட்டும் காமயகவுண்டன்பட்டி ஓட்டும்

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் கர்ணனின் மனைவி தேவயானிக்கு அமெரிக்கத் தேர்தல்தான் பிழைப்பு. அங்கே கருத்துக்கணிப்பு நடத்தும் ஒரு நிறுவனம், வாக்காளர்களிடம் பேசிய பேச்சைப் பதிவு செய்து அனுப்பும். அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து, போன முறை ஒரு கட்சிக்குப் போட்டவர் இந்த முறை ஏன் மாற்றிப் போட்டார் என்று குறிக்க வேண்டும். ஆங்கிலம் படித்துவிட்டு வீட்டோடு இருந்தவளுக்குக் பக்கத்துக் கம்பம் ஊரில் இருக்கும் யாஸ்மின் பிடித்துக் கொடுத்த வேலை இது. மேற்பார்வையும் யாஸ்மின்தான்.

ஆரம்பத்தில் தேவயானி மிரண்டுதான் போனாள். அரிசோனாவில் ஓர் இளைஞன், அப்பா காலம் முழுக்கப் போட்ட கட்சியைக் கைகழுவியிருந்தான். அதே மாநிலத்தில் தவறாமல் தேவாலயம் போகும் வங்கி அதிகாரி ஒருவர் எதிர்ப்பக்கம் தாண்டியிருந்தார். முட்டை விலை, வீட்டு வாடகை, எல்லை தாண்டி வருபவர்கள், கருக்கலைப்புச் சட்டம் என்று ஆளுக்கொரு காரணம். சிலர் ஒரே மூச்சில் மூன்று சொன்னார்கள்.

2024 நவம்பர் தேர்தல் முடிந்தபின் பென்சில்வேனியாவிலிருந்து ஒரு பதிவு வந்தது. பேசியவர் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் அம்மாள். மாமனார், கணவர் எல்லாரும் இரும்பாலைத் தொழிற்சங்கம், பரம்பரையாக ஜனநாயகக் கட்சி. அந்த அம்மாள் மட்டும் இந்த முறை குடியரசுக் கட்சிக்குப் போட்டிருந்தார். "இத்தனை வருஷமும் எங்க வீட்டுக்காரர்கிட்டதான் ஓட்டுக் கேட்டாங்க. இந்தத் தடவை ஓட்டுக் கேட்டு வாசல்ல நின்ன குடியரசுக் கட்சிப் பையன் என்கிட்ட, மளிகைச் செலவு கட்டுபடியாகுதான்னு கேட்டான்" என்றார். அந்நேரம் நாய் குரைத்தது, கதவு திறந்தது, ஓர் ஆண்குரல் கேட்டது. உடனே அம்மாள் சத்தமாக, "ஆமாமா, எங்க வீட்டு ஓட்டு எப்பவும் ஜனநாயகக் கட்சிக்குத்தான்!" என்றார்.

தேவயானி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு யாஸ்மினைப் போனில் கூப்பிட்டு, பதிவைக் கேட்க வைத்தாள். "இந்தம்மாவ எதுல சேக்க?"

"மாறுனவங்கள்லயே சேருங்கக்கா. கடைசில சொன்னது புருசனுக்கு."

அன்று சாப்பாட்டின்போது, ஊர் பேர் சொல்லாமல் தேவயானி இதை வீட்டில் சொன்னாள். கர்ணனின் அண்ணன் மொக்கைச்சாமி வார்டில் கட்சிப் பொறுப்பில் இருப்பவர்.

"அதெல்லாம் அங்கன ஆத்தா. இங்கன நம்ம வீட்டுல நாலு ஓட்டு. நாலும் நம்ம சின்னத்துக்குத்தான்."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி முனீஸ்வரி, "மூணு" என்றாள்.

"என்னது?"

"போன பேரூராட்சித் தேர்தல்ல நான் சோணையம்மாளுக்குப் போட்டேன்."

"அவ எதிர்க்கட்சிடி!"

"இருக்கட்டும். திராட்சைக்குக் கவாத்து வெட்டிக்கிட்டு இருக்கையில தோட்டத்துக்கே வந்தாக. உனக்கு என்ன வேணும்னு கேட்டாக. பஸ் நிக்கிற எடத்துல வெயிலுக்கு ஒரு கூரை வேணும்னேன். உங்ககிட்டயும்தான் சொன்னேன். நீங்க கட்சிக் கொடி கட்டப் போயிட்டீக."

"அவ தோத்துல்ல போனா?"

"தோத்தாலும் கேட்டாகல்ல."

கர்ணன் இலையிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. சிரித்தால் அண்ணன் எழுந்து போய்விடுவார். சிரிக்காமலேயே அவர் எழுந்து போனார். சில நாள் சோற்றைத் தனியாக வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பேச்சைத் தொடங்கி வைத்த தேவயானிக்குத்தான் உறுத்தியது.

"நீ ஏன் மொகத்தத் தொங்கப் போட்டிருக்க? சொன்னதும் எனக்கு நெஞ்சு லேசாயிருச்சு" என்றாள் முனீஸ்வரி.

ஒரு மத்தியானம் மொக்கைச்சாமியே தேவயானியின் கம்ப்யூட்டர் பக்கம் வந்து நின்றார். "ஏத்தா, அந்தம்மா புருசனுக்கு விசயம் தெரிஞ்சிருச்சா?"

"தெரியல மச்சான். பதிவு அதோட முடிஞ்சிருச்சு."

"பாவம். அந்தாளு இன்னமும் வீட்டு ஓட்டெல்லாம் தன் பக்கம்னு எண்ணிக்கிட்டு இருப்பாரு." சொல்லிவிட்டு அவரே வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்த மாதமே கட்சிக்காரர்களை விரட்டி, பஸ் நிற்கும் இடத்தில் தகரக் கூரை போட வைத்தார். முனீஸ்வரி அதன் கீழ் நின்று பார்த்துவிட்டு, "நெழலு நல்லாருக்கு. ஓட்டு யாருக்குன்னு அப்பறம் சொல்றேன்" என்றாள். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. இப்போதெல்லாம் வார்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் பெண்களிடமும் நின்று பேசிவிட்டுத்தான் நகர்கிறார்.

நெடுநாள் மனசில் வைத்திருந்த ஒரு சந்தேகத்தை மட்டும் தேவயானியிடம் கேட்டார். "நீயாவது நம்ம சின்னத்துக்குத்தான போட்ட?"

"அடுத்த பதிவு வந்துருச்சு மச்சான்" என்று தேவயானி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.