மொழிபெயர்க்க வந்த அக்கா

கழுத்தில் தொங்கிய அளவுநாடாவைக் கழற்ற மறந்து அவர் எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எண்பதுகளின் தொடக்கம். பிரிக்பீல்ட்சில் ஒரு வக்கீலிடம் நான் தட்டச்சராக இருந்தேன். வந்தவர் கிள்ளானுக்கு வெளியே, கம்பம் என்று நாங்கள் சொல்லும் ஒரு சிற்றூரில் துணி தைப்பவர். நாங்கள் அவரை அக்கா என்றே அழைத்தோம். அவர்கள் வீடுகளுக்கு எதிரே குப்பைமேடு அமைக்க ஒரு நிறுவனம் நகராண்மைக் கழகத்திடம் அனுமதி கேட்டிருந்தது. அதை எதிர்த்துக் கூட்டம் போட கம்பத்தார் விண்ணப்பித்தார்கள். போலீஸ் பெர்மிட் கிடைக்கவில்லை.

“ஒண்ணா கூடுறதுக்கு நமக்கு உரிமை இல்லையா சார்?” என்று அக்கா கேட்டார்.

“அரசியல் சட்டத்துல இருக்கும்மா. சட்டம் போட்டு அதைக் கட்டுப்படுத்தலாம்னும் அதுலயே இருக்கு,” என்றார் வக்கீல்.

“குடுத்த கையாலேயே திருப்பி வாங்கிக்கிறாங்க லா.”

வக்கீல் சிரித்துவிட்டார். ஆனால் அடுத்து அவர் சொன்னது சிரிக்கும்படி இல்லை. பக்கத்து நிலத்தின் சொந்தக்காரர் ஆட்சேபித்தால் மட்டுமே கழகம் கேட்டாக வேண்டும். கம்பத்தார் குடியிருந்ததோ அரசாங்க நிலம். அத்தனை குடும்பங்களில் ஒருவருக்கும் வாய் திறக்க வழியில்லை.

“குப்பைமேடு வர்ற இடத்துக்கு அந்தப் பக்கம் கீரை போடுற சீன அங்கிளுக்கு அது சொந்த நிலம் சார்,” என்றார் அக்கா.

அந்தப் பெரியவர் பெயரில் ஆட்சேபம் கொடுத்தோம். கழகத்தில் விசாரணை நடந்த நாளில் கோப்புகளைச் சுமந்துகொண்டு நானும் போனேன். சீனப் பெரியவருக்கு மலாய் சரியாக வராது. முன்பு அவர் தோட்டத்தில் வேலை செய்து அவர் பேச்சைக் கற்றிருந்த அக்கா, மொழிபெயர்க்க அவர் பக்கத்தில் அமர்ந்தார். பெரியவர் எழுந்து நான்கு வார்த்தை சொன்னார். அக்கா மலாயில் பத்து நிமிடம் பேசினார். கிணற்றுத் தண்ணீர், மழைக்கு நிரம்பி வழியும் வாய்க்கால், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் பாதை என்று ஒன்றையும் விடவில்லை.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “அவர் நாலு வார்த்தைதானே சொன்னாரு?”

“அவங்க பாஷையில சுருக்கமா சொல்லிடுவாங்க, துவான்.”

பெரியவர் எல்லாம் புரிந்தவர்போலத் தலையாட்டிவிட்டு இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்தார். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. “சரி, இதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?” என்று மறுபடியும் பேனாவை எடுத்தார்.

இரண்டு மாதத்தில் அனுமதி மறுக்கப்பட்டது. சேதி கேட்டு, பெர்மிட் இல்லாமலேயே கம்பத்தில் பாதி எங்கள் அலுவலகப் படிக்கட்டில் கூடிவிட்டது.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். வென்றவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அக்கா அன்று கேட்டதை வேறு யாரும் கேட்டதில்லை.

“அப்ப அந்தக் குப்பை எங்க போகும் சார்?”

வக்கீல் வேறொரு கம்பத்தின் பெயரைச் சொன்னார்.

“அங்க பக்கத்துல சொந்த நிலம் வச்சிருக்கிறவங்க யாராச்சும் இருக்காங்களா?”

மறுநாள் காலை அக்கா அங்கே போகும் பஸ்ஸில் ஏறினார்.