ஏர்கோன் கடையில் இறங்கிய முனி

லூனாஸில் அந்தக் கடையை நடத்தியவர் ஒரு அக்கா. அலோர் ஸ்டாரில் அரசாங்க ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்து சாப்பாட்டுக் கடை போட்டார். சின்னக் கடைதான். ஏர்கோன் உண்டு, பீர் உண்டு. சுவரில் ஒரு மாட்டு வண்டிச் சக்கரம். எங்கள் பக்கம் யாரும் மாட்டு வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை. அக்காவும் பார்த்திருக்க மாட்டார். கடைக்கு வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

மார்கழி முழுக்கச் சனிக்கிழமை சாயந்திரம் கடையில் பாட்டு வைக்க வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றிவிட்டது. பினாங்கில் எங்கோ பார்த்தாராம். கிறிஸ்மஸ் வரும், புது வருஷம் வரும், முடிவில் பொங்கல் வரும். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்கு. கேரல் பாடக் கூலிம் ஊரிலிருந்து மாதா கோயில் ஆட்கள். கிராமத்துப் பாட்டுக்கு நாங்கள்.

நாங்கள் என்றால் கரங்கான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து உறுமி மேளம். உறுமி என் கையில். என் மச்சான் தப்பு அடிப்பான், பாடுவதும் அவன்தான். தவிலுக்கும் ஜால்ராவுக்கும் இரண்டு பேர். வாரநாளில் நான் எண்ணெய் ஆலைக்குப் போகிற செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றுகிறேன். மச்சானுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை.

உறுமியை ஒரு பக்கம் அடிக்க வேண்டும். மறுபக்கம் வளைந்த குச்சியால் தேய்க்க வேண்டும். தேய்த்தால் மிருகம் உறுமுகிற மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குத்தான் சாமி இறங்கும் என்பார்கள்.

எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயில் தலைவருக்கு நாங்கள் கடையில் அடிப்பது பிடிக்கவில்லை. ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பீரு விக்கிற எடத்துல அடிக்கிற கையி. அதே கையால சித்திரையில சாமி முன்னால வந்து அடிப்பியா? கமிட்டில பேசணும்பா."

அக்காவிடம் ஒத்துக்கொண்டாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். சித்திரைத் திருவிழாவில் உறுமி அடிப்பது நான்தான். வருஷம் முழுக்க நான் லாரிமேல் நிற்கிற ஆள். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அன்று ஒரு நாள் தலைவர், கிராணி, வங்கிக்காரர், அவர்கள் பெண்டாட்டிகள், எல்லோரும் என் குச்சி எப்போது அசையும் என்று காத்திருப்பார்கள். அது போய்விட்டால் எனக்கு வேறு ஒன்றும் இல்லை. பெருமையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

தலைவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த முனிக்கு முன்பு சுருட்டும் பீரும் வைத்துத்தான் படையல். இவர் தலைவரான பிறகு அதை நிறுத்தினார். பால், பழம், சர்க்கரைப் பொங்கல். படித்தவர்கள் வருகிற கோயிலாக இருக்க வேண்டும் என்றார். படித்தவர்கள் யாரும் வரவில்லை. அறிவிப்புப் பலகை வந்தது. சாமிக்கு இதில் சம்மதமா என்று கேட்க முடியாது. ஏனென்றால் சாமி வருஷா வருஷம் இறங்குவதே தலைவர் மேல்தான்.

முதல் சனிக்கிழமை போனோம். பக்கத்து சூராவில், சின்னப் பள்ளிவாசல் அது, பாங்கு முடிந்ததும் ஆரம்பித்தோம். ஏர்கோன் குளிரில் தப்பின் தோல் தளர்ந்து, ஈரத் துணியை அடிக்கிற மாதிரி சத்தம் வந்தது. மச்சான் பாட்டுக்குப் பாட்டு சமையல்கட்டுக்கு ஓடித் தப்பை அடுப்பில் காட்டினான். சமையல்காரர் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"டேய், தோச ஊத்துற எடத்துல ஆட்டுத்தோல காட்டாத!"

"ஒரு தோச தள்ளிப் போடுண்ணே. இதுவும் வேகணும்லா."

வெளியே அக்கா மைக்கைப் பிடித்து, இதுதான் நம் வேர், நம் மண் என்று பேசினார். கேட்டவர்கள் பிரியாணி சாப்பிட்டார்கள். தொழிற்சாலை என்ஜினியர் ஒருவர் எழுந்து வந்து, தன் மகளுக்குப் பிறந்தநாள் என்றார். அடித்தோம். பிறந்தநாள் பாட்டுக்கு உறுமி தேய்த்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அந்தக் குழந்தை பயந்து அழுதது.

முடிந்ததும் அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, எல்லாம் நல்லாருக்கு. ஆனா அந்தச் சாமி அடி இருக்குல்ல, டங்கு டங்குன்னு ஏறிட்டே போகுமே. அத அடிக்கலயே?"

"அது வேண்டாம்க்கா."

"ஏன்லா? அதுதான் ஒரிஜினல்."

"யாருக்காச்சும் இறங்கிடுச்சின்னா மலையேத்தணும். அதுக்கு விபூதி வேணும். எலுமிச்சம்பழம் வேணும். சொல்லிக் கேக்க ஆளு வேணும்."

"எலுமிச்ச கிச்சன்லயே இருக்கு."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை தலைவர் வந்தார். கடைசி மேசை, தூணுக்குப் பின்னால். வேட்டி இல்லை, ஜீன்ஸ். பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் அவரே எழுந்து வந்தார்.

"கண்காணிக்க வந்தேன். நாளைக்கிக் கமிட்டில கேட்டா சொல்லணும்ல, என்னா நடக்குதுன்னு."

அவர் மேசையில் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அக்காவின் ஏற்பாடு அது. ஊரில் மதிப்புள்ளவர்களுக்கு பீரை டம்ளரில் ஊற்றிக் கொடுப்பார். மச்சான் தப்பைக் காய்ச்சப் போகிறவன் அந்த மேசையருகே நின்றான்.

"என்னா தலைவரே குடிக்கிறீங்க?"

"மோர்ப்பா. சூடு ஒடம்பு."

"மோரு நல்லா நொரைக்குதே."

"நல்லாக் கடஞ்சிருக்காங்க."

அன்று தலைவர் நிறையக் கண்காணித்தார். டம்ளர் அடிக்கடி மாறியது.

கிறிஸ்மஸ் வாரம் மாதா கோயில் ஆட்கள் வந்தார்கள். ஒரு கிட்டார், பாடுகிற பெண்கள், சிவப்புச் சட்டையில் மெலிந்த ஒரு கிறிஸ்மஸ் தாத்தா. அவர்களுக்குத் தலைமை ஒரு டீச்சரக்கா. எங்களையும் சேர்ந்து அடிக்கச் சொன்னார் கடைக்கார அக்கா. சமையல்கட்டுக்குப் பின்னால் ஒத்திகை பார்த்தோம். நான் என் வழக்கப்படி இறங்கி அடித்தேன். டீச்சரக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணே, மெதுவா. ஏசு இப்பத்தான் பொறந்திருக்கார். கொஞ்சம் தூங்கட்டும்."

மெதுவாக அடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. கிறிஸ்மஸ் தாத்தா எங்கள் அடிக்கு ஆடினார், தாடி கழன்று ஒரு மேசையில் சாம்பாரில் விழுந்தது. அந்த மாதத்தில் ஜனங்கள் பிரியாணியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தது அன்றுதான். தலைவர் தூணுக்குப் பின்னாலிருந்து கைதட்டினார்.

புது வருஷத்துச் சனிக்கிழமை சினிமாப் பாட்டாகக் கேட்டார்கள், அடித்தோம். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமைதான் கடைசி. கடை நிறைந்துவிட்டது. டீச்சரக்கா ஆட்களும் வந்திருந்தார்கள், முடிவில் எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும் என்று. நான் உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தபோது தலைவர் பக்கத்தில் வந்தார். வாயில் அன்றைய மோர் வாடை.

"தம்பி, மனசுல வெச்சிக்காத. சித்திரைக்கு சுங்கை பட்டாணிலேருந்து ஒரு செட்டு பேசியாச்சு. யூனிபோர்ம்லாம் போட்டு வருவாங்க. லைட்டுல்லாம் இருக்கு. கமிட்டி முடிவு."

"கமிட்டி எப்பங்க கூடுச்சு?"

"கூடணும்னு என்னா? போன்லயே பேசியாச்சு."

"என்னா தப்பு பண்ணேன்?"

"எடம்ப்பா. இந்த எடம் சரியில்ல. சாமி விசயம், சுத்தம் முக்கியம்."

சொல்லிவிட்டு அந்தச் சரியில்லாத இடத்தில் போய் உட்கார்ந்து டம்ளரை எடுத்தார்.

மச்சானிடம் சொன்னேன். அவன் வாயில் வந்ததை எழுத முடியாது. அடிக்க ஆரம்பித்தோம். பாதியில் அக்கா மைக்கில், "தம்பி, கடைசி நாளு! அந்தச் சாமி அடி ஒரு அஞ்சு நிமிசம்! என்னா சொல்றீங்க எல்லாரும்?" என்றார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

நான் தூணைப் பார்த்தேன். பிறகு அடித்தேன். வேண்டுமென்றேதான் அடித்தேன். அவர் பயந்துபோய் எழுந்து ஓடுவார், நாலு பேர் பார்ப்பார்கள், அது போதும் என்று நினைத்தேன்.

அவர் ஓடவில்லை. முதலில் கால் ஆடியது. மேசை ஆடியது. டம்ளர் விழுந்தது, நுரை தரையில் ஓடியது. பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு ஜீன்ஸோடு நடுவில் வந்து நின்றார். நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு கத்துக் கத்தினார். கிட்டார்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தார். டீச்சரக்கா சிலுவை போட்டுக்கொண்டார், ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. நன்றாகத் தெரிகிற இடம் அது. எல்லா ஹேண்ட்போனும் மேலே வந்துவிட்டது.

வந்தது சாமியா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. இறங்கிவிட்டால் அடிப்பவன் நிறுத்தக் கூடாது. பாடுகிறவன் கேட்க வேண்டும், வந்தது பதில் சொல்ல வேண்டும், அப்புறம்தான் மலையேற்ற முடியும். அந்த முறை மச்சானுக்குத் தெரியும். முன்னால் போய்க் கும்பிட்டான்.

"யாரு வந்திருக்கறது?"

"முனிடா! தெரியலயா!"

"என்னா சாமி வேணும் ஒனக்கு?"

"சுருட்டு எங்கடா? சுருட்டு! பாலா ஊத்துறீங்க பாலு! நா என்னா பச்சப் புள்ளயாடா?"

கடை முழுக்கச் சிரிப்பு. எங்கள் தோட்டத்திலிருந்து சாப்பிட வந்திருந்த இரண்டு குடும்பங்கள் சிரிக்கவில்லை. எழுந்து நின்று கும்பிட்டார்கள். யாரோ ஒருவர் சிகரெட்டை நீட்டினார். சாமி அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் காதில் சொருகிக்கொண்டது.

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அடியைத் தணித்தேன், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று. அவன் கேட்டான்:

"சித்திரத் திருநாளுக்கு ஒனக்கு யாரு சாமி அடிக்கணும்?"

வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. தலை ஆடிக்கொண்டே இருந்தது. கண் ஒரு முறை திறந்து என் கையைப் பார்த்தது.

"இவன்தாண்டா அடிக்கணும்! வேற எவன்டா அடிப்பான் எனக்கு!"

அக்கா கல்லாவில் இருந்த சாமி படத்திலிருந்து விபூதியும், ஒரு தட்டில் எலுமிச்சையும் கொண்டுவந்தார். தேநீருக்காக வட்ட வட்டமாக நறுக்கி வைத்தது. மச்சான் அதிலேயே ஒரு துண்டைப் பிழிந்து, விபூதி போட்டு, மலையேற்றினான். தலைவர் சரிந்து உட்கார்ந்து, "எங்க இருக்கேன்?" என்றார். டீச்சரக்கா தண்ணீர் கொடுத்தார். கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாடவேண்டிய பாட்டு நடக்கவில்லை. அக்கா மட்டும் சந்தோஷமாக இருந்தார். பினாங்கில்கூட இப்படி வராதாம்.

மறுநாள் கோயிலில் கமிட்டி கூடியது, இந்த முறை உண்மையாகவே. ஊரே வந்து வெளியில் நின்றது, ஏனென்றால் ஊரே வீடியோ பார்த்திருந்தது. தலைவர் வேட்டியில் வந்தார். சுங்கை பட்டாணி செட்டுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, நேற்று நடந்ததை யாரும் பெரிதாக எடுக்க வேண்டாம் என்று ஆரம்பித்தார். மச்சான் எழுந்தான்.

"தலைவரே, ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. நேத்து வந்தது சாமின்னா, சாமி சொன்னது நடக்கணும். சாமி இல்ல, மோருதான் பேசுச்சின்னா, அதயும் சொல்லிடுங்க. நாங்க போயிடுறோம்."

வெளியில் யாரோ தும்மினார்கள். அது தும்மல் இல்லை.

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். தலைவரின் மனைவியும் அங்கேதான் நின்றார், கையைக் கட்டிக்கொண்டு. அவரும் பதிலுக்காகத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"சாமிதான்," என்றார் தலைவர்.

"அப்ப சுருட்டும் வெக்கணும்," என்று பின்னாலிருந்து ஒரு பெரியம்மா சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

சித்திரையில் நான்தான் அடித்தேன். படையலில் சுருட்டு இருந்தது, பழையபடி பீரும் இருந்தது. தலைவர் முன்வரிசையில் இல்லை. அன்னதானப் பந்தலில் கரண்டியோடு நின்று சோறு போட்டுக்கொண்டிருந்தார். அந்த வேலையில் அவரை யாரும் முன்பு பார்த்ததில்லை. மேளம் பந்தல் பக்கம் திரும்பியபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு, நான் பக்கத்தில் வந்ததும் மெல்லச் சொன்னார்.

"தம்பி, இன்னிக்கி ஒண்ணும் கேக்காதீங்கப்பா."

"நீங்க சாமியா வந்தாத்தான தலைவரே கேப்போம்."

அவர் வரவில்லை. நான் அந்த அடியை முழுதாக அடித்தேன், ஒன்றும் குறைக்கவில்லை. அவர் குனிந்து சோற்றுப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமி கோயில் பொருளாளர் மேல் வந்தது. பொருளாளரும் என் கையைத்தான் முதலில் பார்த்தார்.