டிசம்பர் இருபத்தாறை வாசித்தவர்

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் இலை போட்டு உட்காரும்போது போன் வந்தது. ரத்னபாய் அக்காவின் தம்பி பேசினார். "அக்கா போயிட்டாவ. நெஞ்சு வலிக்குன்னு சொன்னாவ, ஆட்டோ வாறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. காலையில்தான் என்னைப் போனில் ஒரு பிடி பிடித்திருந்தார். "நாளைக்கு உள்ளத இன்னைக்கு ரெக்கார்டு பண்ணணும். சாயங்காலம் வருவேன். கேக்கு தின்னுட்டு உறங்கிராத" என்று சொல்லி வைத்தவர், சாயங்காலம் வரவில்லை.

உங்களில் பலர் அவரைக் குரலாகத்தான் அறிவீர்கள். புதுக்கடை சந்திப்பில் எங்கள் கேபிள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். போன் பேச வந்த எங்கள் முதலாளி அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, "இந்த நாள்" என்று ஒரு நிகழ்ச்சி வாசிக்க முடியுமா என்று கேட்டார். அன்றைய தேதியில் உலகத்தில் முன்பு என்னென்ன நடந்தது, யார் பிறந்தார்கள், என்ன கண்டுபிடித்தார்கள் என்று ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். முடிவில் உள்ளூர்க்காரர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து. சம்மதித்தார், ஆனால் முகம் காட்ட மாட்டேன் என்றார். "எனக்க மூஞ்சியப் பாத்துட்டு இருந்தா சொல்லுறது எவனுக்கும் கேக்காது" என்பது அவர் வாதம். கடைசிவரை திரையில் ஒரு செம்பருத்திப் பூதான் ஓடியது. கேமராவும் ஒளிபரப்பும் என் பொறுப்பு. பத்து வருடம் ஒரு பூவைப் படம் காட்டிச் சம்பளம் வாங்கியவன் நான்.

தொடங்கிய முதல் வருடம் ஜூலை மாதத்தில், நிலவில் மனிதன் கால் வைத்த நாள் வந்தது. பத்திரிகைகள் எல்லாம் இருபதாம் தேதி எழுத, அக்கா இருபத்தொன்றாம் தேதி வாசித்தார். வங்கியில் வேலை பார்த்த ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே பூத்துக்கு வந்து, தேதி தப்பு என்றார். துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போன் போட்டுக் கொடுத்தே பழகியவர் அக்கா. இங்கே என்ன மணி, அங்கே என்ன மணி என்பதுதான் அவர் பிழைப்பு. "சாரே, அவன் காலு வைக்கும்போ இஞ்ச மறுநாளு விடிஞ்சாச்சு. நீங்க அமெரிக்காவுல வேலைக்குப் போனா இருவதுன்னு வச்சுக்கிடுங்க. புதுக்கடையில இருக்குறது வரைக்கும் இருவத்தொண்ணு" என்றார். வங்கிக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு ஜூலை இருபதாம் தேதியும் பூத் வாசலில் வந்து நின்று, "இன்னைக்கு நிலாவுல ஒண்ணும் விசேசம் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போவார். இருவருக்கும் அது ஒரு திருவிழா மாதிரி ஆகிவிட்டது.

வாசிப்பதற்கு முன்னால் யாரிடமாவது சொல்லிப் பார்ப்பது அக்காவின் வழக்கம். பெரும்பாலும் அகப்படுகிறவள் மெற்றில்டா. கடியப்பட்டணத்திலிருந்து மீன்கூடையோடு பஸ் ஏறி வந்து சந்தையில் விற்றுவிட்டு, திரும்பிப் போகும்வரை பூத்தில் உட்கார்ந்திருப்பாள். அக்கா சொல்வதைக் கேட்டு அவள் "அதுக்கு இப்ப என்ன?" என்று கேட்டுவிட்டால் அந்தச் செய்தி போச்சு. எத்தனையோ அரசர்களை மெற்றில்டா இப்படிக் கவிழ்த்திருக்கிறாள்.

சுனாமி வந்து ஒரு வருடம் ஆகப்போகிற டிசம்பரில்தான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்கியது. இருபத்தாறாம் தேதிக்கு என்ன வாசிப்பது என்று அக்கா அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கணக்குப் போடும் இயந்திரத்தைக் கனவு கண்ட ஓர் ஆங்கிலேயர் பிறந்த நாள். ரேடியம் என்று ஒரு பொருள் இருப்பதைப் பாரிஸ் நகரத்தில் அறிவித்த நாளும் அதுதான்.

"அது என்னது அக்கா?"

"இருட்டுல தன்னால மினுங்கும்."

"எங்க கடலுலயும் சில நாளு அலை மினுங்கும்" என்றாள் மெற்றில்டா. பிறகு காலிக் கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "அக்கா, எனக்க பிள்ளையும் அன்னைக்குத்தான் பொறந்துது. அதயும் சொல்லுவியளா?"

அந்தக் கதை அக்காவுக்கும், பக்கத்தில் இருந்த எனக்கும் அதுவரை தெரியாது. கடல் ஏறி வந்த அந்தக் காலையில் அவள் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் பிரசவ வலியில் கிடந்திருக்கிறாள். அவள் கணவன் தாசனின் அண்ணன் கிறிஸ்துமஸுக்கு மனைவி வீட்டுக்குக் குளச்சல் போயிருந்தார். அவர் திரும்பவில்லை. ஒரே நாளில் அண்ணனுக்குக் குழி வெட்டவும் மகளைப் பார்க்கவும் ஓடியவன் தாசன். அதன் பிறகு யார் கேட்டாலும் பிள்ளை இருபத்தேழாம் தேதி பிறந்தாள் என்றே சொல்லி வந்தான். அந்த நாளை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, இருபத்தேழிலும் பிறந்தநாள் என்று ஒன்று நடக்காது.

முதலாளி கேட்ட உடனே குதித்தார். "கடக்கரை முழுக்க மெழுகுதிரி கொளுத்தி அழுதுட்டு இருக்கும்போ நாம பொறந்தநாளு வாழ்த்து போடணுமா? கேபிள அறுத்துக் கடலுல எறிஞ்சிருவானுவ." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அக்கா எங்களோடு மல்லுக்கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூத்தைப் பூட்டிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கடியப்பட்டணத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

தாசன் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். அக்கா சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

"அண்ணனுக்கப் பூசை அன்னைக்கு நான் கேக்கு வெட்டணும், இல்லியா?"

"கேக்கும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். பிள்ளைக்கப் பேரு மட்டும் சொல்லுறேன் தாசா."

"வேண்டாம் அக்கா. போயிட்டு வாங்க."

இவ்வளவுதான் பேச்சு. திரும்பும்போது, அவன் யார் தடுக்க, பெற்ற தாய் கேட்கிறாள், வாசித்துவிடுங்கள் என்று நான் பஸ்ஸில் வீரம் பேசினேன். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "பேரச் சொல்ல எனக்கு ஒரு நிமிசம் போதும் மக்கா. பொறவு அந்த வீட்டுல தாசன்கூட இருக்கப் போறது மெற்றில்டாவும் பிள்ளையும்லா."

அந்த வருடம் ரேடியத்தை வாசித்தார், கணக்கு இயந்திரத்தை வாசித்தார், கடல் ஏறி வந்ததை வாசித்தார். பிறகு சற்று நேரம் மௌனமாக இருந்து நிகழ்ச்சியை முடித்தார். செத்தவர்களுக்கான மௌனம் என்று ஊர் நினைத்தது. அதில் ஒரு பிள்ளைக்கும் பங்கு உண்டு என்று எனக்குத் தெரியும். வருடா வருடம் டிசம்பரில் கடியப்பட்டணம் போவார், தாசனிடம் கேட்பார், அவன் மாட்டேன் என்பான், ஒரு கட்டன்சாயா குடித்துவிட்டுத் திரும்புவார். கோபித்துக்கொண்டு நிறுத்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. பிறகு கைபேசி வந்து பூத்தை விழுங்கியது. ஜெராக்ஸ் மெஷின் வாங்கிப் போட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். இந்தப் போக்குவரத்து மட்டும் மாறவில்லை.

பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம், அக்கா கிளம்புவதற்கு முன்னால் தாசனே புதுக்கடைக்கு வந்துவிட்டான். கடைக்கு வெளியே வெகுநேரம் நின்றான். நான்தான் உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன்.

"பள்ளிக்கூடத்துல டீச்சர் எல்லாப் பிள்ளையளுட்டயும் பொறந்தநாளு எப்பன்னு கேட்டிருக்காவ" என்றான். "இவ எந்திச்சு நின்னு, 'எனக்குப் பொறந்தநாளு கிடையாது டீச்சர், பெரியப்பா செத்துப் போனாவ'ன்னு சொல்லியிருக்கா. அழக்கூட இல்லையாம் அக்கா. சாதாரணமாச் சொல்லிட்டு இருந்துட்டாளாம்."

அக்கா அவனுக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பிறகு, "பிள்ளைக்க முழுப்பேரு என்ன தாசா?" என்று கேட்டார். ஐந்து வருடமாக அதற்காக நடந்தவருக்கு அந்தப் பெயர் தெரியாமலா இருக்கும்? அவன் வாயால் வர வேண்டும் என்று காத்திருந்தார். "அனிஷா" என்றான் தாசன்.

அந்த இருபத்தாறாம் தேதி கடலை வாசித்து, மௌனம் முடிந்து, "கடியப்பட்டணத்தில் இதே நாளில் பிறந்த அனிஷாவுக்கு இன்று ஆறு வயது" என்று அக்கா சொன்னார். முதலாளி கேபிளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் அறுக்க வரவில்லை. மத்தியானம் குளச்சலிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். "நானும் அன்னைக்குத்தான் பொறந்தேன் மக்களே. வீட்டுக்காரி தண்ணியில போன பொறவு யார்ட்டயும் சொன்னதில்ல. அடுத்த வருசம் எனக்கப் பேரயும் சேப்பியளா?" என்று கேட்டார். அடுத்த வருடம் அவர் பெயரும் வந்தது. பிறகு வேறு சிலரும் வந்தார்கள்.

இந்தமுறை சுனாமி வந்து பத்தாவது வருடம். அக்காவின் உடல் வீட்டில் இருக்க, இருபத்தாறாம் தேதி காலை நான் அலுவலகத்தில் இருந்தேன். நிகழ்ச்சி வேண்டாம், அக்கா படத்தைப் போட்டுச் சோக இசை ஓட்டிவிடலாம் என்றார் முதலாளி. அந்த நேரம் பார்த்து தாசன் போன் செய்தான்.

"அண்ணே, அக்கா அங்கின கிடக்கும்போ இந்த வருசம் பிள்ளைக்கப் பேரு வேண்டாம். மனசு கேக்க மாட்டேங்கு."

மறுபடியும் அதே இடத்துக்கு வந்து நிற்கிறோம் என்று புரிந்தபோது எனக்கு அவன்மேல் கோபமே வந்தது. "லேய் தாசா, உனக்க அண்ணனுக்காக அஞ்சு வருசம் அந்தப் பிள்ளைய மறைச்சு வச்ச. இப்ப அக்காவுக்காகவும் மறைக்கப் போறியா? அவ்வோ கேட்டா உன்ன சும்மா விடுவாவளா?" என்றேன். போனை வைப்பதற்கு முன்னால், "பேரச் சொல்லிருங்கண்ணே" என்றான்.

மைக்கின் முன் உட்கார்ந்தேன். எனக்கு வாசிக்க வராது. ரேடியத்தில் தடுக்கினேன், கணக்கு இயந்திரத்தில் மூச்சு வாங்கினேன். கடலைச் சொன்னேன். நேற்று ரத்னபாய் அக்கா காலமானார் என்று சொன்னேன். மௌனத்தில் நன்றாகவே அழுதேன், நல்லவேளையாகத் திரையில் பூதான் இருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அனிஷாவுக்குப் பத்து வயது என்று சொன்னேன். குளச்சல் பெரியவர் பெயரையும் மற்றவர்கள் பெயரையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

மத்தியானம் அடக்கத்துக்கு தாசனும் மெற்றில்டாவும் பிள்ளையோடு வந்திருந்தார்கள். அனிஷா கிறிஸ்துமஸ் கவுனில் வந்திருந்தாள். கூட்டத்தில் என் அருகே வந்து மெதுவாகக் கேட்டாள்: "மாமா, டி.வி.யில நீங்கதான் சொன்னியளா?"

"ஆமா."

"ரத்னா மாமி இன்னும் நல்லாச் சொல்லுவாவ."

உண்மைதான். அந்தக் குரல் எனக்கு வராது, அந்தப் பொறுமையும் வராது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த நாளை வாசிக்கும் வேலையை மட்டும்தான். அடுத்த டிசம்பரில் அனிஷாவுக்குப் பதினொன்று ஆகும். அதை நான் சொல்வேன்.