கச்சேரிக்கு எடுத்த மண்டபம்

எங்கள் ஊரில் கச்சேரி என்றால் இரண்டு. ஒன்றில் பாடுவார்கள், மற்றதில் காக்க வைப்பார்கள். பாட்டுக் கச்சேரியை எல்லா ஊர்த் தமிழருக்கும் தெரியும். மற்றது அரசாங்கக் கச்சேரி. காணி, பென்சன், பிறப்பு, இறப்பு என்று மனிதருக்கு உள்ள அத்தனை அலுவலுக்கும் ஏறி இறங்க வேண்டிய மாவட்டக் காரியாலயம் அது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திருகோணமலைச் சனங்கள் குழப்பமில்லாமல்தான் சீவித்தார்கள். குழம்பியது எங்கள் வீடு மட்டும்தான்.

மண்டபம் துறைமுகத்துக்குப் போகும் தெருவில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. வெள்ளைக்காரக் கடற்படை தன் ஆட்கள் பாண்ட் வாசிக்கவும் ஆடவும் கட்டியது. அந்தக் காலத்தில் ஊராட்கள் மதிலோரம் நின்று கேட்பார்களாம். படை கப்பலேறிப் போன பிறகு மண்டபம் ஊருக்கு வந்தது. உப்புக்காற்றில் பாதிக் கட்டைகள் இறுகிப்போன ஒரு பியானோவும் கூட வந்தது. பிறகு அங்கே நடக்காதது இல்லை. நாடகம், பள்ளிக்கூடப் பரிசளிப்பு, கோயில் திருப்பணிக்கு நிதி சேர்க்கும் கச்சேரி, நபிகள் பிறந்தநாளுக்கு மூதூரிலிருந்து லாஞ்சுப் படகில் வந்து பாடுகிறவர்கள், சில வருசம் சிங்கள நாடகமும். பாட்டின் நடுவில் கப்பல் ஊதினால் பாடுகிறவர் நிறுத்தி, அது ஊதி முடித்ததும் விட்ட இடத்தில் தொடங்குவார். சபை கைதட்டும். எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அந்த மேடையில் ஏறாத ஒருவரை ஊர் பாட்டுக்காரர் என்று ஒப்புக்கொள்ளாது.

சின்னம்மா ஏறியதில்லை. அம்மாவின் தங்கை அவர், எங்களோடுதான் இருந்தார். சங்கீதப் பரீட்சைகளில் எல்லாம் நன்றாகத் தேறியவர். விடிய எழும்பிச் சாதகம் செய்வார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அவருடைய குரல் கேட்டால்தான் எனக்குப் பொழுது விடியும்.

மட்டக்களப்பிலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. நல்ல குடும்பம், நல்ல மாப்பிள்ளை. ஒரு நிபந்தனைதான்: கலியாணத்துக்குப் பிறகு சபை ஏறிப் பாடக் கூடாது. அப்பாவுக்குக் கொழும்பில் வேலை என்பதால் இப்படியான விசயங்களை மாமாதான் பேசுவார். அம்மாவுக்கு அண்ணன். துறைமுகத்தில் ஸ்டோர்கீப்பர். கப்பல் கப்பித்தான்களையே அதட்டுகிற மனிதர் என்று பெயர். அவர் பேசிப் பேசி, கலியாணத்துக்கு முன் ஒரேயொரு கச்சேரிக்கு மாப்பிள்ளை பகுதியைச் சம்மதிக்க வைத்துவிட்டார். தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்குக்கு முந்திய சனிக்கிழமை என்று நாளும் குறித்தாயிற்று. மிருதங்கமும் வயலினும் பேசுவது, ஊருக்குச் சொல்லுவது, மண்டபம் எடுப்பது எல்லாம் மாமா பொறுப்பு.

மண்டபம் கிடைக்காவிட்டால் அம்மன் கோயிலில் பாடலாமே என்று அம்மா ஒருநாள் சொன்னா. சின்னம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"கோயில்ல சாமிக்குப் பாடலாம் அக்கா. எனக்கு ஒருக்கா ஆக்களுக்குப் பாடோணும்."

அது கோதுமை மாத் தட்டுப்பாட்டுக் காலம். பேக்கரி வாசலில் பாணுக்கு விடியவே கியூ நிற்கும். நான் கியூவில் நின்றபோது மாமா சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, "சின்னம்மாட்டைச் சொல்லு பிள்ளை, மண்டபத்தைக் கச்சேரிக்கெண்டு எடுத்தாச்சு" என்றார். சொன்ன கையோடு துறைமுகப் பக்கம் போய்விட்டார்.

பாணாவது ஒன்றாவது. கியூவை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். சின்னம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். சொன்னதும் துருவல் ஒட்டிய கையோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பாண் எங்கே என்று அம்மாகூடக் கேட்கவில்லை. மரவள்ளிக்கிழங்கை அவித்துச் சம்பலோடு சாப்பிட்டோம். அப்படி ஒரு சந்தோசமான கிழங்கை அதற்குப் பிறகு நான் சாப்பிடவில்லை.

மாமா சில நாள் எங்கள் பக்கம் வரவில்லை. மாக்கப்பல் வந்திருக்கும், வேலை கூட என்று அம்மா சமாதானம் சொன்னா. பிறகு ஒரு பின்னேரம் பாலையூற்றில் இருந்த தன் வீட்டிலிருந்து வந்தார். உள்ளே சின்னம்மா பாடிக்கொண்டிருந்தார். அந்த நாள்களில் பாடியதைப் போல அவர் வேறெப்போதும் பாடியதே இல்லை. மாமா படலையைத் திறக்காமல், அதைப் பிடித்தபடி பாட்டு முடியும் மட்டும் நின்றார். பாட்டை ரசிக்கிறார் என்று நினைத்து நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

உள்ளே வந்து கதிரையில் இருந்தபிறகு, எதற்கும் வேறை இடம் ஒன்றும் பார்த்து வைப்போமா என்று மெல்லக் கேட்டார்.

"ஏன் அண்ணா, மண்டபம்தான் கிடைச்சிட்டுதே?" என்றார் சின்னம்மா.

மாமா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு "ஓம்" என்றார். கப்பித்தான்களை அதட்டுகிறவருக்கு அதற்கு மேல் ஏலவில்லை.

கச்சேரிக்கு முதல் நாள் மேடையைப் பார்த்து வர வேண்டும் என்று சின்னம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மண்டபத்து வாசலில் ஒரு லொறி நின்றது. ஆட்கள் சபை இருக்கிற வாங்குகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு அலுமாரிகளை உள்ளே கொண்டுபோனார்கள். பியானோ வெயிலில் கிடந்தது. சுவரில் புதுப் பெயர்ப்பலகை ஒன்றைச் சாத்தியிருந்தார்கள். அதன் கீழ்ப்பாதியை ஒரு கதிரை மறைத்துக்கொண்டிருந்தது. எனக்கு எங்கே எழுத்தைக் கண்டாலும் உரத்து வாசிக்கிற பழக்கம்.

"சின்னம்மா, இஞ்ச பாருங்கோ. கச்சேரி எண்டு போட்டே எழுதி வைச்சிருக்கினம்."

சின்னம்மா பலகையைப் பார்த்தார். போய்க் கதிரையை நகர்த்தினார். கீழே 'காணிப் பகுதி' என்று இருந்தது. நான் அதையும் வாசித்தேன். அவர் அந்தக் கதிரையைத் திரும்ப இருந்த இடத்திலேயே வைத்தார்.

பியோன் ஒருவர் வந்து, திங்கட்கிழமைதான் திறக்கிறது, என்ன அலுவல் என்று விசாரித்தார்.

"அலுவல் ஒண்டுமில்லை ஐயா. மேடையில ஒருக்கா ஏறிப் பாக்கலாமோ?"

மனிதர் நல்லவர். பலகைத் தட்டி அடிக்கிறார்கள், பார்த்து ஏறச் சொன்னார். சின்னம்மா அலுமாரிகளுக்கு நடுவில் போய் நின்று, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, கண்ணை மூடி, சட்ஜம் பிடித்தார். கீழே நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கூரை வரைக்கும் அடுக்கியிருந்த கோப்புக்கட்டுகள் அதை விழுங்கிவிட்டன என்று இன்றைக்குச் சொல்லுவேன். அன்றைக்குச் சின்னம்மாவுக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்றுதான் பயந்தேன்.

திரும்பினால் வாசலில் மாமா. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. இத்தனை நாளும் அரசாங்கக் கச்சேரியின் படி ஏறி இறங்கி, அந்த ஒரு சனிக்கிழமையை மட்டும் விடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். அன்று காலையும் போய்விட்டுத்தான் வந்திருக்கிறார். பக்கவாத்தியக்காரரை வர வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாராம். ஊரில் ஒருவருக்கும் சொல்லவே இல்லையாம். பாண் கியூவில் அவர் சொல்லிவிட்ட கச்சேரியும் இந்த அரசாங்கக் கச்சேரிதானாம். இதெல்லாம் பிறகு தெரிந்தவை.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றார் சின்னம்மா. குரலில் கோபம் இல்லை.

"சொல்லத்தான் வந்தனான். நீ பாடிக்கொண்டிருந்தாய்."

மூன்று பேரும் வீட்டுக்கு நடந்து வந்தோம். அம்மா படலைக்கே வந்து மேடை எப்படி என்று ஆவலாகக் கேட்டா. மாமா வாயைத் திறக்க முதல் சின்னம்மா முந்திக்கொண்டு, தனக்குத் தொண்டை சரியில்லை, கச்சேரி வேண்டாம் என்றார். மண்டபம் காணிக் கந்தோராகிவிட்ட செய்தி அம்மாவுக்கு மறுநாள் சந்தையில் கிடைத்தது. வந்து, சரி, கோயிலிலாவது பாடன் என்று கெஞ்சினா. தொண்டை சரியில்லை என்ற அதே பதில்தான். அம்மா குசினிக்குள் போய் அழுதா.

அந்தக் கட்டடம் அதற்குப் பிறகு பாட்டுக்குத் திரும்பவே இல்லை. சம்பூரிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் சனங்கள் தங்கள் வயலுக்கு உறுதிப் பத்திரம் கேட்டு வந்து நாள்முழுதும் அங்கே குந்தியிருப்பார்கள். மேடையில் இருந்த எழுதுவினைஞர் பெயர் கூப்பிடுவார். கூப்பிடாமல் திரும்பிப்போன பெயர்கள்தான் அதிகம். அந்த வயல்களில் பலவற்றை இப்போது வேறு ஆட்கள் விதைக்கிறார்கள். சின்னம்மா மட்டக்களப்புக்குப் போனார், மூன்று பிள்ளைகள் பெற்றார், ஒன்றையும் தாலாட்டுப் பாடி நித்திரையாக்கவில்லை என்று அந்தப் பிள்ளைகளே எனக்குச் சொன்னார்கள்.

ஆனால் அந்தக் கிழமை முழுவதும் எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். அவருடைய தொண்டை. மேடையில் அது அடைத்ததை என் காதாலேயே கேட்டவள் நான். காலையிலும் பின்னேரத்திலும் கொத்தமல்லி அவித்த தண்ணியை ஊதி ஆற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சின்னம்மா ஒருநாளும் மறுக்கவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுக் கோப்பையைத் தருவார். இப்போது எப்படி என்று கேட்பேன். "நல்ல சுகம்" என்பார். பொன்னுருக்கு அன்று காலையும் அப்படித்தான் சொன்னார். வைத்தியம் பலித்துவிட்டது என்று நான் முற்றமெல்லாம் துள்ளித் திரிந்தேன்.