கோரைப்பள்ளத்துக்கு ஆம்புலன்ஸ் வந்த வழி

அம்சவல்லியக்காவைக் கோபக்காரி என்று ஊரில் சொல்வார்கள். சுத்தப் பொய். கோபம் வருவது எனக்கு. அக்காவுக்கு வருவது பிடிவாதம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் என்னோடு ஒரு நாளும் அவரோடு ஒரு நாளும் வேலை செய்து பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

நான் கமருன்னிஸா, நாகூர்க்காரி. கோரைப்பள்ளத்தையும் அக்கம்பக்கத்து ஊர்களையும் பார்த்துக்கொள்ளும் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணிகளைப் பதிவது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது, பெரியவர்களுக்கு பிரஷர், சுகர் பார்ப்பது, மாத்திரையை ஒழுங்காகப் போடாதவர்களைத் திட்டுவது எல்லாம் என் வேலை. கடைசியில் சொன்னது அரசாங்கம் கொடுத்ததல்ல, நானாகச் சேர்த்துக்கொண்டது.

கோரைப்பள்ளம் தஞ்சாவூர்ப் பக்கம், வாய்க்காலுக்கு அக்கரையில் இருக்கிறது. தார்ச்சாலை, பஸ், மருந்துக்கடை எல்லாம் இக்கரையில். நடுவில் ஒரு மூங்கில் பாலம். கோடையில் கவலையில்லை, வறண்டு கிடக்கும் வாய்க்காலுக்குள்ளேயே இறங்கி ஏறி டிராக்டர் முதற்கொண்டு போய்விடும். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் அந்த மூங்கிலை விட்டால் வேறு கதியில்லை. 108-க்கு போன் செய்தால் வண்டி உடனே வந்துவிடும், ஆனால் இக்கரையோடு நின்றுவிடும். நோயாளியைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வருவார்கள். நானே ஒரு தடவை வழுக்கி விழுந்திருக்கிறேன். தடுப்பூசிப் பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் நான் நின்ற கோலத்தைச் சொல்லிச் சொல்லி இன்னமும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பெட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை, அதை யாராவது சொல்கிறார்களா?

அக்காவின் அப்பா, அம்மா காலமெல்லாம் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். அக்காவும் அவர் வீட்டுக்காரர் இராஜாங்கமும் பாடுபட்டுச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கினார்கள். நடவுக் காலத்தில் பெண்களைச் சேர்த்துக்கொண்டு சுற்றுவட்டாரத்து வயல்களுக்கெல்லாம் போவது அக்காதான். ஒரு வரப்பிலிருந்து அவர் கூப்பிட்டால் நாலு வயல் தாண்டி இருக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை என்றுதான் ஊர் அவரை வார்டு உறுப்பினர் ஆக்கியது என்று நான் கேலி செய்வேன். "ஆமா, மைக் செட் காசு மிச்சம்ல!" என்பார்.

ஒரே மகள் கயல்விழி. படிக்க வைத்து, சீர்காழியில் கட்டிக்கொடுத்தார்கள். மாமனார் வைத்தியலிங்கம் உரக்கடை வைத்திருக்கிறார், மரியாதையான மனிதர். கயல் உண்டானதும் அக்கா தரையில் நடக்கவில்லை. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டுமே! வீட்டுக்கு வெள்ளையடித்து, கயலுக்கென்று தனி அறை ஒழித்து, கார் பிடித்துக்கொண்டு சீர்காழிக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

வளையல் அடுக்கி, கலந்த சாதமெல்லாம் சாப்பிட்டு முடித்து, "கெளம்பலாமா கயலு?" என்று அக்கா எழுந்தபோது வைத்தியலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஊருக்குள்ள வண்டி வராது. தண்ணி ஓடுற நேரம். திடீர்னு வலி வந்தா புள்ளைய கட்டில்ல வெச்சு அந்த மூங்கில் மேலயா தூக்கிட்டு வருவீங்க? கயல் இங்கயே இருக்கட்டும்."

நாலு பேர் நடுவில் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? நர்ஸ் என்ற முறையில் கேட்டால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் மகளாக இருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவர் அநியாயம் பேசியிருந்தால் அக்கா ஒரு கை பார்த்திருப்பார். நியாயம் பேசிவிட்டாரே, என்ன செய்வது?

பின் சீட்டில் கயலுக்காகப் போட்டிருந்த தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா திரும்பி வந்தார். அழவில்லை. மாயவரம் தாண்டும்போது பேசினார். "அடுத்த புள்ளைக்கு எம்மவ என் வீட்டுக்குத்தான் வருவா நர்ஸம்மா. அதுக்குள்ள பாலம் வந்தாகணும்."

பேரன் சீர்காழியில் பிறந்தான், பரிதி என்று பெயர் வைத்தார்கள். அக்கா விருந்தாளி மாதிரி போய்ப் பார்த்துவிட்டு சாயங்கால பஸ்ஸைப் பிடித்தார்.

பாலத்துக்கு யாரைக் கேட்பது? பஞ்சாயத்து நிதி தெருவிளக்குக்கே தாளம் போட்டது. எம்.பி. தொகுதி நிதி என்று ஒன்று இருப்பதை நான்தான் சொன்னேன். மத்திய அரசு ஒதுக்குகிற பணம், எந்த ஊரில் என்ன வேலை என்று எம்.பி. பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் ஆளனுப்பிப் பார்த்து, தேவைதான் என்றால் கட்டிக்கொடுக்கும் என்று விளக்கினேன்.

"டெல்லிப் பணமா? நம்ம வாய்க்கா டெல்லிக்குத் தெரியுமா?"

"நீங்க சத்தம் போட்டா கேக்கும்க்கா."

கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். 'மக்கள் ஆரோக்கியத்துக்கும் பாதுகாப்புக்கும் அவசியமான பாலம்' என்று மனு எழுதினோம். எம்.பி.யின் தொகுதி அலுவலகத்தில் கொடுத்தோம். பரிந்துரையும் கிடைத்தது. ஐப்பசியில் ஒன்றியப் பொறியாளர் வெங்கடகிருஷ்ணன் நேரில் வந்து பார்ப்பார் என்று தகவல் வந்தபோது, பாதி பாலம் வந்துவிட்ட மாதிரி ஊரே குதித்தது.

அவர் வந்த அன்று பார்த்து எனக்குத் தஞ்சாவூரில் பயிற்சி வகுப்பு. நான் மட்டும் ஊரில் இருந்திருந்தால் அந்தக் கூத்து நடந்திருக்காது.

என்ன செய்தார்கள் தெரியுமா? பெரிய ஆபீசர் வருகிறார், கால் வைக்கிற இடம் லட்சணமாக இருக்க வேண்டாமா என்று, இற்றுப்போன மூங்கிலையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுப் புது மூங்கில் வெட்டிக் கட்டியிருக்கிறார்கள்! மேலே பலகை வேறு. பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கயிறு. இரு முனையிலும் மாவிலைத் தோரணம். கரையில் கோலம். முன்னால் நின்று வேலை வாங்கியது வேறு யார், சாட்சாத் அம்சவல்லியக்காவேதான். வெங்கடகிருஷ்ணன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி அந்தப் பாலத்தில் நடந்து வந்து, இளநீர் குடித்துவிட்டு, "பாலம் நல்லாத்தானே இருக்கு? இதைவிட மோசமான ஊரெல்லாம் காத்துக்கிட்டு இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தற்போது அவசரமில்லை என்று குறிப்பெழுதி மனுவை ஓரங்கட்டிவிட்டார்கள்.

யா அல்லாஹ்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "உங்களுக்கெல்லாம் மூளை இருக்கா? வைத்தியம் கேட்டுப் போறவ பவுடர் பூசிட்டா போவா?" என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். இராஜாங்கம் அண்ணன் மெல்ல நழுவிவிட்டார். அக்கா மட்டும் நின்றார்.

"வீட்டுக்கு ஒருத்தர் வரார்னா வாசலக் கூட்டாம இருக்க முடியுதா நர்ஸம்மா? கை தானாப் போயிடுச்சு" என்றார். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. மகளை வரவேற்க முடியாத வீட்டுக்காரி, யாரோ ஒரு ஆபீசரை வரவேற்றுக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டாரே என்று எனக்கும் அழுகைதான் வந்தது.

மறுபடியும் அலைய ஆரம்பித்தார். நடவு முடிந்த சேற்றுக்காலோடு தொகுதி அலுவலகத்துக்குப் போய் உட்காருவார். "மறுபடி ஆளனுப்புங்க. தண்ணி ஓடும்போது அனுப்புங்க" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. இவரைப் பார்த்ததுமே டீ சொல்லிவிடும் அளவுக்கு அங்கே பழகிவிட்டார். கடைசியில் அவர்களே பொறுக்க முடியாமல் கடிதம் போட்டு மறு ஆய்வுக்கு ஏற்பாடு செய்தார்கள். அடுத்த மழைக்காலம், அதே வெங்கடகிருஷ்ணன்.

இந்த முறை அக்கா ஊருக்கே உத்தரவு போட்டுவிட்டார். பாலத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. கோலம் கூடாது. தோரணம் என்று எவராவது வாயெடுத்தால் நடப்பதே வேறு. பழக்கதோஷத்தில் இளநீரைத் தூக்கிக்கொண்டு வந்த இராஜாங்கம் அண்ணனை ஒரே முறைப்பில் திருப்பி அனுப்பினார். ஒரு வருஷ மழையும் வெயிலும் தின்ற மூங்கில் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

வெங்கடகிருஷ்ணன் ஒரு மாதிரி தத்தித் தத்தி அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே கயிற்றுக் கட்டில் போட்டிருந்தது. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதில் ஏறிப் படுத்துவிட்டார்.

"என்னம்மா இது?"

"நான்தான் சார் பேஷண்ட். பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. மூணு பேருதான் இருக்காங்க, நாலாவது ஆள் வரல. நீங்க ஒரு கால் புடிங்க."

நாலாவது ஆளை வராதே என்று சொல்லி வைத்ததே அவர்தான்.

"நானாம்மா?"

"வலி ஆள் பாத்தா சார் வரும்?"

பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நல்ல மனிதர், பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பின்பக்கம் கட்டிலின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கினார். அக்கா ஒன்றும் பூப்போன்ற உடம்புக்காரி இல்லை. நடுப்பாலம் வந்ததும் மூங்கில் தண்ணீரைத் தொடுகிற மாதிரி வளைந்தது. வெங்கடகிருஷ்ணனின் ஒரு கால் சந்தில் இறங்கி, ஷூ கழன்று வாய்க்காலோடு போனது. கட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது.

"அம்மா, கொஞ்சம் எறங்குங்கம்மா. நடந்தே போயிடலாம்."

"புள்ளத்தாச்சி எறங்கி நடப்பாளா சார்? தூக்குங்க!"

அந்தக் குரலில் இக்கரையில் நின்ற எனக்கே தூக்கிவாரிப்போட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று அடங்கினார்கள். வெங்கடகிருஷ்ணன் சந்திலிருந்து காலை உருவிக்கொண்டு கட்டிலை நிமிர்த்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு கரை சேர்த்துவிட்டு, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "இதுலயாம்மா மழையிலயும் தூக்கிட்டு வரீங்க?" என்று கேட்டார்.

"போன வாட்டியே கேட்டிருக்கலாம் சார். நாங்கதான் உங்களக் கேக்க விடல" என்றார் அக்கா. பிறகு, "ஏங்க, அந்த எளநிய இப்பக் கொண்டாங்க!" என்று அக்கரையைப் பார்த்துக் கத்தினார்.

ஒற்றை ஷூவோடு நின்று வெங்கடகிருஷ்ணனே டேப் பிடித்து அளந்தார். நடைபாலமெல்லாம் சரிப்படாது, ஆம்புலன்ஸ் தாராளமாகப் போகிற அகலம் வேண்டும், இரண்டு பக்கமும் தடுப்புச்சுவர் வேண்டும் என்று எழுதினார். அதற்குப் பிறகும் டெல்லிப் பணம் ஆடி அசைந்துதான் வந்தது. மறு வருஷம் தை கடைசியில், மேட்டூர் மூடி வாய்க்கால் வறண்ட பிறகுதான் வேலை தொடங்கியது. அதே வாரம் சீர்காழியிலிருந்து போன் வந்தது. கயல் மறுபடி உண்டாகியிருந்தாள்.

அப்புறம் அக்காவை வீட்டில் பார்த்தவர்கள் யார்? காலையில் பாலத்தடியில், சாயங்காலம் பாலத்தடியில். கான்ட்ராக்டர் ஒரு நாள் ஆள் குறைத்தால் போதும், இவரே போன் போட்டுவிடுவார். "என்னம்மா, உங்க வீட்டு வேலை மாதிரி வெரட்டுறீங்க?" என்று அந்த மனிதர் நொந்துகொண்டார். "என் வீட்டு வேலைதாங்க. எம்மவ வரணும், ஆனிக்குள்ள முடிங்க" என்றார் இவர். கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றி, தண்ணீர் விடுவதற்கு முன்னால் முடித்தும் விட்டார்கள். திறப்பு விழாவில் மாலை, மேளம், பட்டாசு எல்லாம் அமர்க்களப்பட்டது. இந்தத் தடவை தோரணம் கட்ட நானே மாவிலை பறித்துக் கொடுத்தேன்.

ஆனியில் கயலையும் பரிதியையும் அழைத்து வந்தார் அக்கா. வைத்தியலிங்கம் பின்னாலேயே தன் காரில் வந்து, பாலத்து நடுவில் நிறுத்தி, இறங்கித் தடுப்புச்சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார். வாழ்த்தி ஒரு வார்த்தை சொன்னால் என்ன, குறைந்தா போய்விடும் என்று எனக்குச் சுருக்கென்றிருந்தது.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் கயலுக்கு வலி கண்டது. வாய்க்கால் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் 108-க்குச் சொன்னேன். சைரன் சத்தம் எப்போதும் தூரத்தில் கேட்டு அங்கேயே நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை. கிட்டே வந்தது, இன்னும் கிட்டே வந்தது, பாலத்தில் ஏறி இறங்கித் தெருவுக்குள் திரும்பியது. வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். வாசலில் வண்டி நின்றதும் கயல் இடுப்பைப் பிடித்தபடி தானே நடந்து போய் ஏறினாள்.

இவ்வளவு காலம் மலை மாதிரி நின்ற அக்கா, வண்டியைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். இராஜாங்கம் அண்ணன்தான் தோளைப் பிடித்துத் தூக்கினார். "அழுவுறத வண்டியில அழுவு, புள்ள. கயலு உன்னத்தான் தேடுறா, ஏறு."

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். சீர்காழியிலிருந்து மாப்பிள்ளையோடு வைத்தியலிங்கமும் அவர் வீட்டம்மாவும் பதறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பேத்தியை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட வைத்தியலிங்கம், நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். இந்த மனுஷன் இப்போது என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் சண்டைக்குத் தயாராக நின்றேன்.

அவர் எழுந்து குழந்தையை அக்காவின் கையில் கொடுத்தார்.

"டிஸ்சார்ஜ் ஆனதும் நேரா உங்க வீட்டுக்குக் கொண்டுபோங்க சம்பந்தியம்மா. அஞ்சு மாசமோ ஆறு மாசமோ, உங்க இஷ்டம். நாங்க வந்து பாத்துக்கறோம்."

அக்கா குழந்தையின் தலையைச் சேலை முந்தானையால் மூடிக்கொண்டு, "தாராளமா வாங்க. வண்டி வாசலுக்கே வரும்" என்றார்.