ஹருக்கோ அம்மாவுக்கு நான்கு கைதட்டல்

திங்கட்கிழமை பாடசாலை விட்டு வந்தபோது அம்மா கேற்றடியிலேயே நின்றார். கையில் அடுத்த வீட்டுச் சாவி இருந்தது.

"ஹருக்கோ அம்மா போயிட்டா, பிள்ளை. காலமை தேத்தண்ணி கொண்டு போனனான். நித்திரை எண்டுதான் நினைச்சன்."

லின்ஃபீல்டில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் வாழ்ந்த ஹருக்கோ அம்மா, தொண்ணூறைக் கடந்தவர். உலகப் போர் முடிந்ததும் ஜப்பானுக்குப் போயிருந்த ஒரு நியூசிலாந்துச் சிப்பாயை மணந்து இங்கே வந்தவர். எலுமிச்சம்பழப் பையை வாசலில் வைத்துவிட்டு, மணி அடிக்காமல் போய்விடுபவராகவே தெருவில் எல்லோரும் அவரை அறிவார்கள். அவர் ஏன் மணி அடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த கோடையில் ஒருநாள், அவர் தோட்டத்து மதிலைப் பார்த்தபடி நின்றிருந்தார். நான்கு முறை கைதட்டப் போனார். ஒவ்வொரு முறையும் உள்ளங்கைகள் சேர்வதற்குச் சற்று முன்பே நின்றுவிட்டன.

"நுளம்பு தப்பிட்டுதா?" என்று வேலிக்கு மேலால் ஆங்கிலத்தில் கேட்டேன்.

தோள் குலுங்கச் சிரித்தார். "தப்பிவிட்டது. எனக்கு எட்டு வயதானதிலிருந்து தப்பிக்கொண்டேயிருக்கிறது."

என் சித்தப்பா இலங்கையில் போர் முடிந்த நாட்களில் காணாமல் போனவர். வருடத்தில் ஒருநாள் அவர் படத்துக்கு விளக்கேற்றுவோம். அதற்கு முன் அப்பா வீட்டின் திரைகளையெல்லாம் இழுத்து மூடுவார். அப்படி ஏற்றிய மறுநாள் ஹருக்கோ அம்மா என்னிடம், "நேற்றுப் பகலிலேயே திரை மூடியிருந்ததே, யாருக்காகக் கும்பிட்டீர்கள்?" என்று கேட்டார். நான் எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். "பயப்படாதே. எங்கள் வீட்டிலும் மூடுவோம்" என்றார். பிறகுதான் சொன்னார்.

அவர் பிறந்த மலையூரில் ஒரு புதிய மதம் பரவியிருந்தது. ஓர் ஏழை விவசாயப் பெண்ணின் வாயால் தெய்வம் பேசியதாகவும், உலகம் புதிதாகும் என்று சொன்னதாகவும் நம்பினார்கள். ஊர்க் கூட்டத்தை நடத்தியவர் ஹருக்கோ அம்மாவின் அப்பா, ஒரு தச்சர். அவர்கள் நான்கு முறை உரக்கக் கைதட்டித் தெய்வத்தை அழைப்பார்கள். இறந்தவர்களை அனுப்பிவைப்பதும் அப்படித்தான். போர்க்காலத்தில், ஒவ்வொரு வீட்டிலும் அரசாங்கக் கோயிலின் தெய்வப் பெயர் எழுதிய காப்புச்சீட்டை வைத்துக் கும்பிட வேண்டுமென்று உத்தரவு வந்தது. அவருடைய அப்பா வைக்கவில்லை.

"முதலில் இரண்டு பேர் பக்தர்களைப் போல வந்தார்கள். பின்வரிசையில் இருந்து எங்களோடு சேர்ந்து தட்டினார்கள். அம்மா அவர்களுக்குச் சோறு போட்டார். அடுத்த வாரம் அவர்களே பொலிஸாக வந்தார்கள்."

சக்கரவர்த்தியை அவமதித்ததாகக் குற்றம் சாட்டி அப்பாவைக் கொண்டுபோனார்கள். அந்த மதத்தின் கோயிலை இடித்தார்கள். இடித்த கல்லால் மறுபடி ஒன்றும் கட்டிவிடக்கூடாதென்று, கல்லையும் உடைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஹருக்கோ அம்மாவுக்குப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. குளிர்காலத்தில் சிறையிலிருந்து அப்பாவின் உடல் வந்தது. தனியே ஒரு பொதியில் அவருடைய கோட் வந்தது.

"கோட்டைத் துவைத்திருந்தார்கள்" என்றார்.

இறுதிச் சடங்கில் ஒரு பொலிஸ்காரர் வாசலில் காதைக் கொடுத்தபடி நின்றாராம். அவருடைய அம்மா கைகளைத் தூக்கி, சேராமல் நிறுத்தினார். மகளும் அப்படியே செய்தார். அன்றிலிருந்து அவர் கைகளில் சத்தம் வரவே இல்லை; பிறர் வாசலில் மணியைக்கூட அவர் அடிப்பதில்லை.

"மகனிடம்கூடச் சொல்லவில்லை. அவனாவது பயமில்லாமல் வளரட்டும் என்று விட்டுவிட்டேன். நான் இருக்கும்வரை நீயும் சொல்லாதே. நான் போகும்போது யாராவது நான்கு முறை தட்டினால் நல்லது. கேட்கிற மாதிரி."

போன வருடம் இங்கே, இலங்கைப் போரில் இறந்தவர்களுக்கான ஒரு நினைவேந்தலில் நான் விளக்கோடு நின்ற படம் ஃபேஸ்புக்கில் வந்தது. சில நாட்களில் யாழ்ப்பாணத்தில் தனியாக இருக்கும் என் அத்தை வீட்டுக்குச் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். போனில் அந்தப் படத்தைக் காட்டி, இந்தப் பிள்ளை யார் என்று கேட்டார்கள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, திரும்ப வருவதாகச் சொல்லிப் போனார்கள். அத்தை இப்போது எங்கள் அழைப்பை எடுப்பதில்லை.

நேற்று ஹருக்கோ அம்மாவின் மகன் பக்குரங்காவிலிருந்து வந்தார். நாளை நடக்கும் இறுதிச் சடங்கில் தன் அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேச முடியுமா என்று என்னைக் கேட்டார். சடங்கு இணையத்தில் நேரடியாகப் போகும் என்றும் சொன்னார். அவர் போனதும் அப்பா கதவைச் சாத்தினார்.

"செத்தவீட்டுக்குப் போவம். ஆனா நீ மைக்குக்கு முன்னால போறேல்லை."

"ஜப்பானில அவவின்ர அப்பாவைப் பொலிஸ் பிடிச்சதைப் பற்றித்தானே அப்பா கதைக்கப்போறன்."

"அரசாங்கம், பொலிஸ் எண்டு நீ வாய் திறந்தாக் காணும். எந்த அரசாங்கம் எண்டு ஆர் கேட்கப்போறாங்கள்? அத்தையை நினை, பிள்ளை."

நினைத்தேன். அதனால் நாளை நான் பேசப் போவதில்லை. தமிழ்ப் பள்ளி மலருக்கு இதை அனுப்பினாலும் என் பெயரைப் போட மாட்டேன். ஆனால் கமரா முன்பக்கம் பார்த்திருக்கும். நான் கடைசி வரிசையில், அதன் முதுகுப் பக்கம் இருப்பேன். கைதட்டலில் என் முகமும் இல்லை, ஊரும் இல்லை.

இதை எழுதிவிட்டு, முடியுமா என்று பார்க்கக் கைகளைத் தூக்கினேன். இரண்டு முறை தாமாகவே நின்றுவிட்டன. மூன்றாம் முறை சேர்ந்தன. இவ்வளவு சத்தம் வருமென்று நினைக்கவில்லை.

"என்ன சத்தம்?" சுவருக்கு அப்பால் அப்பாவின் குரல். அவரும் நித்திரை கொள்ளவில்லை.

"நுளம்பு, அப்பா."

"செத்துதோ?"

"இல்லை அப்பா. தப்பிட்டுது."

போய் வாருங்கள், ஹருக்கோ அம்மா. மிச்சம் மூன்றையும் நாளைக்குத் தட்டுகிறேன்.