பௌர்ணமியன்று வராத ஓ.டி.பி.

கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஐந்தாறு ஊர்களின் சம்மதம் ஒரு காலத்தில் என் கைப்பையில் இருந்தது. இப்படிச் சொன்னால் நான் ஏதோ பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்வீர்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. என் போன் நம்பர் அப்படி மாட்டிக்கொண்டது.

திருவண்ணாமலையில் மகளிர் குழுக்களின் கூட்டமைப்பில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். முகம் கொடுத்துப் பேசாத பெண்களை ஒரே பாயில் உட்காரவைத்துத் தீர்மானத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அந்தப் பேரைக் கேள்விப்பட்டோ என்னவோ, சென்னையிலிருந்து ஒரு டிரஸ்ட் கூப்பிட்டு என்னை ஒருங்கிணைப்பாளர் ஆக்கியது. ஊரில் ஒரு தனியார் நர்சிங் ஹோம், செங்கம் ரோட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மா நடத்தும் இலவச கிளினிக், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லேப், இந்த மூன்றும் ஒரே டிஜிட்டல் மருத்துவ அட்டைக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு இடத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையும் இன்னொரு இடத்தில் எழுதிய மருந்தும் அட்டையைக் காட்டினால் மூன்று இடத்திலும் தெரியும். ஜனங்கள் பழைய சீட்டுகளைக் கேரி பேக்கில் திணித்துக்கொண்டு அலைய வேண்டாம். சும்மா சொல்லக்கூடாது, நல்ல யோசனைதான். கேட்டபோது எனக்கே கண் கலங்கியது.

முதல் சில கூட்டங்கள் அட்டையில் யார் லோகோ முதலில் வருவது என்பதிலேயே போயின. கிளினிக் அம்மா நூல் புடவை கட்டிக்கொண்டு நம்மைவிட நன்றாகக் கும்பிடு போடுகிறவர். வட்டமாகப் போட்டுவிடலாம், வட்டத்துக்கு முதலும் கிடையாது கடைசியும் கிடையாது என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நர்சிங் ஹோம் டாக்டர் மட்டும் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிவிட்டு, வட்டமானாலும் சுற்றுகிறவன் எங்கேயாவது ஆரம்பிக்கத்தானே வேண்டும் என்று கேட்டார். மலையைச் சுற்றுகிறவன் கிழக்குக் கோபுரத்தில் ஆரம்பிக்கிறான், தன் ஆஸ்பத்திரியும் கிழக்கேதான் இருக்கிறது, அதனால் தன் லோகோ கிழக்கில் வரவேண்டும் என்றார். படத்தில் கிழக்கு வலது பக்கம்தானே என்றார் லேப் மேனேஜர். டாக்டருக்கோ உச்சியில் வேண்டும். கடைசியில், எங்கள் அட்டையைப் பொறுத்தவரை கிழக்கு மேலே இருக்கிறது என்று தீர்மானம் போட்டோம். மினிட்ஸ் எழுதியவள் நான்தான்.

அசல் தலைவலி அதற்கப்புறம் வந்தது. அட்டைக்குள் தங்கள் தகவலைப் போட மூவருக்கும் கொள்ளை ஆசை. அடுத்தவர் போட்டதை நம்பத்தான் ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. லேப்பில் பார்த்த சர்க்கரையை நர்சிங் ஹோம் மறுபடியும் பார்க்கும். நர்சிங் ஹோம் எழுதிய பிரஷரைக் கிளினிக் அம்மா படித்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, தானும் ஒரு தரம் கையில் பட்டையைச் சுற்றுவார். டாக்டரிடம் கேட்டால், எங்கள் மெஷினில் பார்த்தால்தான் எங்களுக்குத் திருப்தி என்பார். பாவம், அதை அவர் மனசாரத்தான் சொன்னார். சம்பந்தி வீட்டுப் பலகாரம் மாதிரி ஆகிவிட்டது இவர்கள் கதை. தட்டை மாற்றிக்கொள்வார்கள், தின்னமாட்டார்கள்.

இதற்கு நடுவில் சென்னையிலிருந்து வரும் சாஃப்ட்வேர்க்காரர் கூட்டத்துக்குக் கூட்டம் ஒரு படம் போட்டுக் காட்டுவார். நடுவில் ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாள். அவள் தலைமேல் ‘நோயாளியே ராணி’ என்று எழுதியிருக்கும். அட்டையைத் திறக்க வேண்டுமானால் ராணியின் போனுக்கு ஆறு இலக்க ஓ.டி.பி. போகும். அவள் அதைச் சொன்னால்தான் பூட்டு திறக்கும். சொல்லாவிட்டால் எந்தக் கொம்பனாலும் பார்க்க முடியாது என்று அவர் சொல்லும்போது எனக்குப் புல்லரிக்கும்.

கீழ்பென்னாத்தூரில் அட்டை பதிவு செய்ய முகாம் போட்டோம். வந்த ராணிகளில் பாதிப் பேரிடம் போன் இல்லை. மீதிப் பேருடைய போன் வீட்டுக்காரர் கையில் இருந்தது, வீட்டுக்காரர் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார். பதிவு செய்ய உட்கார்ந்திருந்த பெண் ரொம்ப சமர்த்து. முகாம் நோட்டீஸில் ‘உதவிக்கு’ என்று ஒரு நம்பர் அச்சடித்திருந்தது. போன் இல்லாத எல்லோருக்கும் அந்த நம்பரையே போட்டுத் தள்ளிவிட்டாள். அது என் நம்பர்.

அன்றிலிருந்து என் உயிரை எடுத்தார்கள். குளிக்கப் போனால் போன், தோசை ஊற்றினால் போன், தேரடித் தெருவில் மாட்டுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் ஸ்கூட்டியை நுழைக்கும்போது போன். நர்சிங் ஹோம் ரிசப்ஷன் பெண் பேரையும் வியாதியையும் சொல்லி ஓ.டி.பி. வந்ததா என்பாள், நான் ஓரங்கட்டி நின்று ஆறு நம்பரைப் படிப்பேன். யாருக்கு மூட்டு வலி, யாருக்கு மூலம், எந்த வீட்டில் எந்த மருமகள் குழந்தைக்காக அலைகிறாள், எல்லாம் எனக்கு அத்துப்படி. சாஃப்ட்வேர்க்காரரைப் பிடித்துக் கத்தினேன். ஒவ்வொருவரும் சொந்த நம்பரோடு வந்தால் மாற்றித் தருவதாகச் சொன்னார். சொந்த நம்பர் இருந்தால் நான் ஏன் ஐயா கத்துகிறேன். டிரஸ்டில் இருந்தவர்களுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். எங்கள் ஊரில் மாதிரி ஜனங்கள் தயங்காமல் சம்மதம் கொடுக்கிற இடமே கிடையாதாம். எப்படித் தயங்குவார்கள்? கொடுத்தவள் நான் ஒருத்திதானே.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் கிளினிக் வாசலில் அவள் என்னை நிறுத்தினாள். கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊர்க்காரி, தினமும் பஸ்ஸில் வந்து செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை சுத்தம் செய்கிறவள். அவளுக்கு முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோயிருந்தது. அதற்கப்புறம் பல மாதம் தூக்கமில்லை, சோறில்லை, சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். புகுந்த வீட்டில் காதுபடவே பைத்தியம் என்று சொல்லி, பையனுக்கு வேறு பெண் பார்க்கிற பேச்சும் எழுந்திருக்கிறது. கெஸ்ட் ஹவுஸ்காரம்மாதான் அவளைக் கையைப் பிடித்துக் கிளினிக்குக்கு இழுத்துப் போயிருக்கிறார். மாத்திரை சாப்பிட்டுத் தேறிவிட்டாள். ஆனால் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். வீட்டில் அதைச் சத்து மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தாள்.

“என் கைல போன் இல்லாம இல்லக்கா. எங்க வூட்டுக்காரரு எடுத்துப் பாப்பாரு. அதான் உங்க நம்பரையே போடச் சொன்னேன்” என்றாள். “நர்சிங் ஹோம்லேர்ந்து கேட்டா மட்டும் சொல்லிடாதீங்க. எங்க மூத்தாரு அங்க மருந்துக் கடையில இருக்காரு. இது என்னா மாத்திரைன்னு பாத்தாருன்னா அன்னிக்கே என்னை எங்கம்மா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

மூத்தார் என்றால் புருஷனுடைய அண்ணன். அந்த ஆளை எனக்குத் தெரியும். இருமல் மருந்து வாங்கப் போனாலும் யாருக்கு, எத்தனை நாளாக என்று நாலு பேர் கேட்க விசாரிக்கிறவர். நான் சொல்லமாட்டேன், பயப்படாமல் போ என்றேன். அவள் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

அந்தச் சமயம் பார்த்து டெல்லியிலிருந்து பணம் கொடுக்கிறவர்கள் ப்ராஜெக்டைப் பார்வையிட வந்தார்கள். எங்கள் ஊருக்குப் பார்வையிட வருகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பௌர்ணமியன்றுதான் வருவார்கள். சாயங்காலம் வரைக்கும் மீட்டிங், அப்புறம் கிரிவலம். மீட்டிங்குக்கு ஹால் பிடிப்பதைவிட அவர்கள் காருக்குப் பாஸ் வாங்குவதில்தான் எனக்கு நாக்குத் தள்ளியது.

லாட்ஜ் ஹாலில் ஏசியைப் போட்டு, நாற்காலி காலியாகத் தெரியக்கூடாது என்று நர்சிங் ஹோம் ஸ்டாஃபை வேனில் ஏற்றி வந்து உட்காரவைத்திருந்தார் டாக்டர். அவளுடைய மூத்தார் இரண்டாம் வரிசையில் இருந்தார். சாஃப்ட்வேர்க்காரர் இப்போது நிஜ அட்டை ஒன்றைத் திறந்து காட்டப்போகிறேன் என்றார். மூன்று இடத்திலும் பதிவு இருக்கிற ஆள் வேண்டுமல்லவா, அவரே கம்ப்யூட்டரில் தேடி எடுத்து வைத்திருந்தார். திரையில் பெரிய பூட்டுப் படமும் அதன்மேல் ஒரு பேரும் ஊரும் விழுந்தன. அது அவள் பேர். மூத்தார் நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கள் வீட்டுப் பெண் என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளினிக்குக்குப் போனதில் ஒன்றுமில்லை, சளிக்கும் காய்ச்சலுக்கும் ஊரே அங்கேதான் போகிறது. எதற்குப் போனாள் என்பதுதான் அந்தப் பூட்டுக்குள் இருந்தது. டாக்டர் மேடையேறி, நர்சிங் ஹோமிலிருந்து கிளினிக் பதிவைக் கேட்கும் பட்டனை அழுத்தினார். என் மடியில் போன் சத்தமில்லாமல் அதிர்ந்தது. ஓ.டி.பி. இவர் போனுக்குத்தான் வரும் என்று சாஃப்ட்வேர்க்காரர் கை காட்ட, எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நோயாளியின் ஓ.டி.பி. இந்த அம்மாவுக்கு ஏன் வருகிறது என்று ஒரு டெல்லிக்காரர் கேட்டார். சாஃப்ட்வேர்க்காரர் கண்ணை இமைக்காமல், இதற்கு உதவியுடன் கூடிய சம்மதம் என்று பேர் என்றார். டெல்லிக்காரர் அதை எழுதிக்கொண்டார்.

நான் போனைப் பார்த்தேன். ஆறு நம்பரும் பளிச்சென்று இருந்தன.

“வரலைங்க” என்றேன்.

மறுபடி அனுப்பினார்கள், மறுபடி அதிர்ந்தது. போனைக் கைப்பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தேன். “டவரே இல்லைங்க. பௌர்ணமியாச்சே.”

இதைச் சொன்னதும் ஹால் முழுக்க ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. பௌர்ணமிக் கூட்டத்தில் எங்கள் ஊரில் போன் படுத்துவிடும், அது உண்மை. லேப் மேனேஜர் தன் போனைத் தூக்கிப் பிடித்து ஒரு கோடுகூட இல்லை என்று காட்டினார். டாக்டர் மத்தியானத்திலிருந்து வீட்டுக்கே பேச முடியவில்லை என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஹாலில் அன்றைக்கு ஒழுங்காக டவர் இருந்த போன் என்னுடையது ஒன்றுதான். மூன்றாம் தடவையும் அனுப்பிப் பார்த்துவிட்டுப் பூட்டுப் படத்தை அணைத்தார்கள். எனக்கு அங்கேயே எழுந்து குத்தாட்டம் போடலாம் போல இருந்தது.

அந்தச் சந்தோஷம் டீ வருகிற வரைக்கும்தான். டெல்லிக்காரர்களில் வயதானவர், தன்மையாகப் பேசுகிற மனுஷன், ஒரு கேள்வி கேட்டார். பௌர்ணமியன்று ஒருத்தருக்கு நெஞ்சு வலி வந்தால் என்ன செய்வீர்கள், ஓ.டி.பி.க்காகக் காத்திருப்பீர்களா? டாக்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். ஓ.டி.பி.யே வேண்டாம், அட்டை வாங்கினதே சம்மதம்தான் என்றார். லேப் மேனேஜர் அதை வழிமொழிந்தார். நான் கிளினிக் அம்மாவையே நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடித் திறந்து, நம்பிக்கை இருக்கும் இடத்தில் பூட்டு எதற்கு என்றார்.

நான் எழுந்து, அட்டை வாங்கினவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றேன். மிக முக்கியமான விஷயம் என்று டெல்லிக்காரர் உருகிவிட்டு அதையும் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். டீக்குச் சர்க்கரை ஜாஸ்தியா கம்மியா என்பதில்கூட ஒத்துப்போகாத மூன்று பேரும் அன்றைக்கு ஒருமனதாகக் கை தூக்கினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த வாரமே ஓ.டி.பி.யை எடுத்துவிடலாம் என்றார் சாஃப்ட்வேர்க்காரர். வயிறு பற்றி எரிய எரிய அந்தத் தீர்மானத்தையும் நான்தான் எழுதினேன்.

மறுநாள் காலையில் கெஸ்ட் ஹவுஸுக்குப் போனேன். கிரிவலக் கூட்டம் போட்டுவிட்டுப் போன தண்ணீர் பாக்கெட்டுகளைச் சாலையில் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் மொட்டை மாடியில் போர்வைகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பொய் சொல்லிக் காப்பாற்றப் போய், அந்தப் பொய்யாலேயே பூட்டு போய்விட்டது என்றும் சொன்னேன். என்மேல் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் ஈரப் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“அப்ப மாத்திரையை நிறுத்திட்றேன்க்கா” என்றாள்.

பழையபடி ஆகிவிடுவாயே என்று அதட்டினேன். அது தனக்கும் தெரியும், தெரிந்து என்ன செய்வது என்றாள். நிறுத்தினால் கிளினிக்கில் எழுதினது அழிந்துவிடுமா என்ன என்று கேட்டதற்கு, போர்வையின் ஓரத்தைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

வந்த ஆத்திரத்தில் அங்கேயே போனைத் திறந்து, ஒருங்கிணைப்பாளர் பக்கத்துக்குள் போனேன். அட்டையை நீக்குவதற்கு ஒரு இடம் இருந்தது. அழுத்தினால் காரணம் கேட்டது. இரண்டே காரணம்தான் வைத்திருந்தார்கள். ஒன்று, வேறு மாவட்டத்துக்குக் குடிபோதல். அதற்கு மூன்று நிறுவனங்களும் ஒப்புதல் தர வேண்டும். மூவரும் ஒத்துக்கொள்வதற்குள் அவள் பேரன் பேத்தி எடுத்துவிடுவாள். இன்னொன்று, இறப்பு. அதற்கு யார் ஒப்புதலும் வேண்டாம். உயிரோடு இருக்கிற ஆளுக்கு வேண்டாம் என்று தோன்றும் என்பது ஒரு பாவிக்கும் உறைக்கவில்லை.

தயங்கித் தயங்கி அவளிடம் சொன்னேன். இது எங்கள் அட்டை மட்டும்தான், ரேஷன் கடைக்கோ பேங்குக்கோ இதனால் ஒன்றும் தெரியாது என்றும் விளக்கினேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“செத்துட்டேன்னு போட்டுட்டா எங்க மூத்தாரால பாக்க முடியாதா?”

“முடியாது. எல்லாம் அழிஞ்சிடும்.”

“கிளினிக்ல மாத்திரை குடுப்பாங்களா?”

“குடுப்பாங்க. அந்தம்மா தனியா எழுதி வச்சிருக்காங்க.”

“அப்ப போடுங்கக்கா” என்றாள்.

போட்டேன். வாழ்க்கையில் எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறேன், உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறவளைச் செத்தவள் என்று நிரப்பியது இதுதான் முதல். போன் திரை கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, நோயாளியின் சம்மதத்தை உறுதிசெய்ய ஓ.டி.பி. அனுப்பியிருப்பதாகச் சொன்னது. என் கையிலேயே போன் உறுமியது. செத்தவளிடம் சம்மதம் கேட்கிறது, சனியன். நான் சிரித்துவிட்டேன். என்ன என்று கேட்டவளிடம் போனை நீட்டினேன்.

அவள் போனை வாங்கி வெயிலுக்குக் கையால் மறைப்புக் கட்டிக்கொண்டு, ஆறு நம்பரையும் ஒவ்வொன்றாக நிறுத்தி எனக்குப் படித்துச் சொன்னாள். எங்கள் ப்ராஜெக்டில் ஒரு நோயாளி தன் வாயால் சம்மதம் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதுவும் தான் செத்துப்போனதற்கு.